நிலக்கரிக் கப்பலும் குமரிப் படகும்

பூம்புகார் கப்பல் போக்குவரத்துக் கழகத்தைத் தமிழக அரசு 1974-இல் நிறுவியது. அனல்மின் நிலையங்களுக்கு நிலக்கரி கொணர்வதே அதன் முதன்மைப் பணி. ஆயினும் மக்கள் அதனை அறிவது கன்னியாகுமரிப் படகுகளாலேயே.

1956 வரை திருவனந்தபுரத்தின் ஆட்சியில் இருந்த அம்முனையில், 1970-இல் விவேகானந்தர் மண்டபம் எழுந்தது. 1984 முதல் இக்கழகம் அங்குப் படகுகளை இயக்குகிறது. 2000-இல் திறக்கப்பெற்ற வள்ளுவர் சிலை இரண்டாம் துறையாயிற்று. நீர்மட்டம் தாழும்போது படகுகள் சிலைப்பாறையை அணுக இயலவில்லை; 2024 டிசம்பரில் 77 மீட்டர் நீளக் கண்ணாடிப் பாலம் இருபாறைகளையும் இணைத்தது. கரையிலிருந்து செல்வதற்கோ இன்றும் படகே வழி.

இப்படகுப் போக்குவரத்தின் வளர்ச்சியை நினைவுச்சின்னங்களும் கடலுமே வடிவமைத்துள்ளன. கழகத்தின் வரலாற்றைச் சரக்கின் எடை கொண்டே எழுதினால், சோழர் துறைமுகத்தின் பெயரை மக்கள் நாவில் நிலைநிறுத்திய இக்குறும்பயணம் அதில் இடம்பெறாது.