இரும்புப் பெட்டிக்குள் அடைபட்ட நெருப்பு

யூலை மாத இரவுகளில் சிட்னியின் பென்டில் ஹில் பக்கம் விறகுப் புகை மணக்கும். யாழ்ப்பாணத்து மூக்குக்கு அந்த மணம் என்றால் குசினிதான். இங்கே எரிகிற விறகில் சோறு வேகாது, வீடு சூடாகும்.

அந்த வேலையைச் செய்யும் கதவு வைத்த இரும்பு அடுப்பு விறகுப் பஞ்சத்தில் பிறந்தது. அதற்குமுன் பல குளிர்நாட்டு வீடுகளில் இருந்தது சுவரோடு சேர்ந்த திறந்த கணப்பு. வெக்கையில் பெரும்பங்கு புகைக்கூட்டால் போய்விடும். முகம் சுட, முதுகு விறைக்கும். பிலடெல்பியாவைச் சுற்றி மரம் குறைந்து விறகு விலை ஏறியபோது, 1740களின் தொடக்கத்தில் பெஞ்சமின் பிராங்க்ளின் வார்ப்பிரும்பில் ஓர் அடுப்பு செய்தார். 1744இல் அதைப்பற்றிச் சிறுநூலும் போட்டார். ஆளுநர் காப்புரிமை தருகிறேன் என்றும் வேண்டாம் என்றுவிட்டார். ஆனால் அவர் புகையைக் கீழே இறக்கிப் பிறகு மேலே ஏற்றப் பார்த்தார். புகைக்கூடு சூடேறாவிட்டால் புகை அறைக்குள்ளேயே திரும்பியது. எங்கள் ஆச்சிமாரிடம் கேட்டிருந்தால் முதலே சொல்லியிருப்பார்கள்.

பின்வந்தவர்கள் கதவை இறுக்கி மூடி, காற்றுவழிக்குத் திருகு வைத்தார்கள். இரவு போட்ட கட்டை விடியும்வரை தணலாய்க் கிடந்தது. விறகு மிச்சம்தான், புகையோ கூடியது. காற்றுப் போதாத நெருப்பில் விறகு கக்கும் வாயுக்கள் எரியாமலே வெளியேறும். வீட்டுக்காரரின் சிக்கனம் அயலாரின் மூச்சில் போய் முடிந்தது.

1970களின் எண்ணெய் நெருக்கடியில் இவ்வடுப்புகள் மறுபடி பெருகின. அமெரிக்காவில் ஒரிகன் மாநிலம் 1983இல் புகைக்குச் சட்டம் போட்டது. 1988இல் நாடு முழுவதற்கும் விதி வந்தது. ஆஸ்திரேலியத் தரவிதியில் ஒரு கிலோ விறகுக்கு 4 கிராம் துகள் என்றிருந்த எல்லை 2019இல் 1.5 கிராமாக இறங்கியது. வாயுக்களை உள்ளேயே எரிக்க, மேலே தடுப்புத் தட்டும் இரண்டாவது காற்றுவழியும் வந்தன.

நம் பக்கத்தில் இதே புகையோடு மல்லுக்கட்டியவர் ஹைதராபாத்தின் எஸ். பி. ராஜு. புகைக்கூடு வைத்த அவருடைய மண்ணடுப்பைப் பற்றிய நூல் 1953இல் சென்னையில் வெளியானது. அவருக்குக் கவலை குளிர் அல்ல, குசினியில் நிற்பவளின் கண்.

நியூ சவுத் வேல்ஸில் இன்று சான்றிதழ் இல்லாத புது அடுப்பை விற்க முடியாது. ஆனால் அந்தச் சான்றிதழ், ஆய்வுகூடத்தில் காய்ந்த கட்டையைப் போட்டு அளந்து கொடுத்தது. வீட்டிலோ ஈர விறகு; படுக்கப் போகுமுன் காற்றுவழியையும் மூடிவிடுகிறார்கள்.