ஜெர்மானிய நகரசபைகளின் அவசரப் பணத்தாள்கள்

முதல் உலகப்போர்க் காலத்திலும் அதன்பின்னும் ஜெர்மானிய நகரங்களும் மாவட்டங்களும் தொழிற்சாலைகளும் சொந்தப் பொறுப்பில் வெளியிட்ட பணத்தாள்கள் 'நோட்கெல்ட்' எனப்படும். பணம் அச்சிட நகரசபைகளுக்குச் சட்டப்படி உரிமை கிடையாது. வேறு வழி இல்லாததால் அரசு கண்டும் காணாமல் இருந்தது.

1914 ஜூலை இறுதியில் போர் வரப்போவது தெரிந்ததும் மக்கள் வங்கிகளில் திரண்டு, தாளைக் கொடுத்துப் பொற்காசு வாங்கிச் சென்றனர். மத்திய வங்கியான ரைக்ஸ்பாங்க் ஜூலை 31இல் பொன் தருவதை நிறுத்தியது. ஆகஸ்ட் 4ஆம் நாள் இயற்றிய சட்டங்கள் அதை உறுதிப்படுத்தின. உடனே வெள்ளிக் காசும் வீட்டுப் பெட்டிக்குள் போயிற்று. அதுவரை புழங்கிய தாள்களில் மிகச் சிறியது 5 மார்க். ஆகவே ரொட்டிக் கடையில் மீதி கொடுக்கவும் ஆலையில் வாரக் கூலி கொடுக்கவும் சில்லறை இல்லை. ஆகஸ்ட் 12ஆம் தேதியிட்ட 1, 2 மார்க் அரசுத் தாள்கள் ஊர்களுக்குப் போய்ச் சேரும்வரை இந்த இடைவெளியை நகரசபைகளே அடைத்தன.

கிழக்குப் பிரஷ்யா, போசென், மேல் சிலேசியா, அல்சாஸ் ஆகிய எல்லைப் பகுதிகளில் இந்த நகரசபைத் தாள்கள் மிகுதி. கிழக்கே ரஷ்யப் படை நுழைந்திருந்தது. மேற்கே முல்ஹவுசன் நகரைப் பிரெஞ்சுப் படை அந்த ஒரே மாதத்தில் இருமுறை பிடித்தது. தட்டச்சு செய்த அட்டைத் துண்டு, நகர முத்திரை, மேயரின் கையொப்பம்: பல தாள்களில் இவ்வளவுதான். ஊர் எல்லைக்கு வெளியே அவை செல்லாது. நகரசபை பணத்தைத் திருப்பித் தரும் என்ற நம்பிக்கையே அவற்றுக்கு மதிப்பளித்தது. பெரும்பாலான தாள்களுக்கு நகரசபைகள் சில மாதங்களில் பணம் கொடுத்துத் திரும்பப் பெற்றுக்கொண்டன. பிற்காலத்தில் சேகரிப்போருக்காக வந்த வண்ணத் தாள்களைவிட இந்த எளிய தாள்களே வரலாற்று மதிப்பு மிக்கவை.

நோட்கெல்ட் ஆய்வின் முன்னோடி அர்னால்டு கெல்லர் தம் பட்டியல்களில் இவற்றைக் காலவாரியாகப் பிரித்தார். 1914ஆம் ஆண்டுத் தாள்கள் முதல் வகை. அடுத்தது 1916 முதல் வந்த சில்லறைத் தாள்கள். செம்பும் நிக்கலும் ஆயுதத் தொழிலுக்குப் போனதால் 5, 10, 50 பெனிக் மதிப்புகளைத் தாளிலும், துத்தநாகம், இரும்பு ஆகியவற்றில் அடித்த காசிலும் நகரங்கள் வெளியிட்டன. போர்க்கைதி முகாம்களுக்குத் தனிப் பணம் இருந்தது; தப்பியோடும் கைதிக்கு அது வெளியே பயன்படாது. மூன்றாவது, 1918 இலையுதிர்காலத்தில் ரைக்ஸ்பாங்கே கேட்டுக்கொண்டதன்பேரில் நகரங்கள் அச்சிட்ட 5 முதல் 50 மார்க் வரையிலான தாள்கள்.

போருக்குப்பின் சேகரிப்போருக்கென்றே ஓவியத் தொடர்கள் வந்தன. ஹாமெல்ன் நகரம் எலிபிடிப்பவன் கதையை அச்சிட்டது. 1922 ஜூலையில் அரசு இவற்றைத் தடைசெய்தது. 1923இன் பெரும் பணவீக்கத்தில் மீண்டும் கோடிக்கணக்கான மார்க் மதிப்பில் தாள்கள் பெருகின. அந்த வீக்கத்துக்கு நகரசபைகள் முதன்மைக் காரணமல்ல. போர்ச் செலவை அரசு பெரும்பாலும் வரியாகத் திரட்டாமல் கடனாகத் திரட்டியது முக்கியக் காரணங்களுள் ஒன்று. அதே ஆண்டு நவம்பரில் ரென்டன்மார்க் என்ற புதிய நாணயம் வந்தது.

இன்று ஓவியத் தொடர்கள் சந்தையில் மலிவாகக் கிடைக்கின்றன. 1914 தாள்களில் பல அரியவை.