திக்நாகரின் அளவையியலும் தமிழ் மரபும்: ஏதுவும் போலியும் பற்றிய ஒரு நோக்கு

மட்டக்களப்பு வாவியைச் சூழ்ந்த ஊர்களில் ஆண்டுதோறும் வைகாசித் திங்களிற் கண்ணகியம்மன் சடங்கின்போது வழக்குரை பாடப்படுகின்றது. செங்கலடியும் அதன் அயலூர்களும் இப்பண்பாட்டு வட்டத்துள் அடங்குவன. வழக்குரையின் உயிர்நிலை, சான்று பற்றிய ஒரு வாதமாகும். சிலம்பின் பரல் முத்தா மாணிக்கமா என்ற வினாவுக்குப் பொற்கொல்லனின் சொல்லோ மன்னனின் அதிகாரமோ விடையாக அமையவில்லை. சிலம்பு உடைபட்டுப் பரல் வெளிப்பட்டபோதே வழக்குத் தீர்ந்தது.

கண்ணகியின் கதைக்கு இத்தகைய சடங்கு வாழ்வு கிட்டியதுபோல, அக்கதையைத் தொடர்ந்து செல்லும் மணிமேகலைக்குக் கிட்டவில்லை. ஆயினும் சான்று என்றால் என்ன, எந்தச் சான்று எந்த முடிவைத் தாங்கும் என்ற வினாக்களை முறைப்பட ஆராயும் மிகப் பழைய தமிழ்ப் பகுதி அக்காப்பியத்திலேயே உள்ளது. அப்பகுதியை விளங்கிக்கொள்ள வேண்டுமாயின், இந்திய அளவையியல் வரலாற்றிற் பெருந்திருப்பத்தை ஏற்படுத்திய பௌத்த மெய்யியலாளர் திக்நாகரை நாம் அறிதல் வேண்டும். அவரது வாழ்வையும் பணியையும், அவை தமிழுக்கு வந்த வழியையும் இக்கட்டுரையிற் சுருக்கமாக நோக்குவோம்.

1. வாழ்க்கை வரலாறும் அதன் சான்றுகளும்

திக்நாகர் ஏறத்தாழக் கி.பி. 480 முதல் 540 வரையிலான காலப்பகுதியில் வாழ்ந்தவர் என்பது அறிஞரிடையே பெருவழக்கான கருத்து. காஞ்சிக்கு அண்மையிலுள்ள சிம்மவக்திரம் என்னும் ஊரில் அந்தணர் குடியிற் பிறந்தவர் எனத் திபெத்திய வரலாற்றாசிரியர் தாரநாதர் கூறுவார். முதலில் வாத்சீபுத்திரீய பௌத்தப் பிரிவிலே துறவு பூண்டார் என்றும், பின்னர் வசுபந்துவிடம் பயின்றார் என்றும் அம்மரபு உரைக்கும்.

அவர் முதற் பிரிவை விட்டு நீங்கியமை பற்றி ஒரு கதை வழங்குகின்றது. சொல்லால் விளக்கவியலாத 'புத்கலம்' ஒன்று உண்டு, அதனைத் தேடுக என ஆசிரியர் பணித்தார். மாணவர் பகலிற் சாளரங்களை எல்லாந் திறந்து வைத்தார். இரவிற் சுற்றிலும் விளக்கேற்றினார். ஆடை களைந்து தம் உடலை உள்ளும் புறமும் தேடினார். எங்குந் தேடியும் காணவில்லை என ஆசிரியரிடம் சொன்னார். இந்த விடையே அவர் அப்பிரிவிலிருந்து வெளியேறக் காரணமாயிற்று. இதனை நிகழ்ந்த செய்தியாகக் கொள்ள வேண்டுவதில்லை. எனினும் எந்தக் கோட்பாடும் சோதனைக்கு உட்பட்டது என்னும் அவரது சிந்தனையின் இயல்பை, பிற்கால மரபு எவ்வாறு நினைவிற் கொண்டது என்பதற்கு இது சான்றாகும்.

திக்நாகரைத் 'தமிழர்' எனப் பெருமையுடன் உரிமை கொண்டாடும் போக்கு நம்மிடையே உண்டு. இதனை இரு நிலைகளில் ஆராய்தல் வேண்டும். முதலாவது, சான்றின் வலிமை. தாரநாதர் தம் நூலை எழுதியது 1608ஆம் ஆண்டில். திக்நாகருக்கு ஏறத்தாழ 1,000 ஆண்டுகளுக்குப் பின். 7ஆம் நூற்றாண்டிற் காஞ்சி பற்றி எழுதிய சீன யாத்திரிகர் யுவான் சுவாங், அந்நகரிற் பிறந்தவராகத் தருமபாலரையே குறிப்பிடுகின்றார். திக்நாகரை ஆந்திர நாட்டுச் செய்திகளோடு தொடர்புபடுத்துகின்றார். இரண்டாவது, முடிவின் பொருத்தம். காஞ்சிப் பிறப்பை ஏற்றுக்கொண்டாலும், அதிலிருந்து தாய்மொழி தமிழ் என்பது தானாகப் பெறப்படுவதில்லை. முற்காலப் பல்லவர் தம் பட்டயங்களைப் பிராகிருதத்திலும் வடமொழியிலும் பொறித்தனர். பல மொழியினரும் பல சமயத்தினரும் வாழ்ந்த கல்வி நகரம் காஞ்சி. திக்நாகரின் நூல்களும் வடமொழியிலேயே இயற்றப்பட்டன.

2. அளவையியற் பணி

திக்நாகரின் தலையாய நூல் பிரமாண சமுச்சயம். அதன் ஆறு அதிகாரங்களும் காட்சி, தன்பொருட்டு அனுமானம், பிறர்பொருட்டு அனுமானம், எடுத்துக்காட்டு, சொற்பொருள் பற்றிய அபோகக் கோட்பாடு, போலி மறுப்புக்கள் ஆகியவற்றை முறையே ஆராய்வன. வடமொழி மூலம் முழுமையாகக் கிடைக்கவில்லை. திபெத்திய மொழிபெயர்ப்பிலிருந்து முதல் அதிகாரத்தை வடமொழிக்கு மீட்டமைத்து எச். ஆர். ரங்கசுவாமி ஐயங்கார் 1930இல் மைசூரில் வெளியிட்டார். ஜினேந்திரபுத்தியின் உரைக்கு வடமொழிச் சுவடி கிடைத்ததன் பயனாக, அவ்வதிகாரத்தை மேலும் உறுதியான வடிவில் எர்னெஸ்ற் ஸ்ரைன்கெல்னர் 2005இல் அமைத்தளித்தார்.

முந்திய நியாய மரபு காட்சி, அனுமானம், உவமம், ஆகமம் என நான்கு அளவைகளைக் கொண்டது. திக்நாகர் காட்சி, அனுமானம் என்னும் இரண்டையே ஏற்றார். பெயர், சாதி, குணம், தொழில் முதலிய கற்பனைகள் கலவாத அறிவே காட்சி என வரையறுத்தார். பிறர் சொல்லால் வரும் அறிவு தனி அளவை ஆகாது. அது அனுமானத்துள் அடங்கும். சொல்லியவர் பெருமை மாத்திரம் போதாது. சொல்லப்பட்டதை ஏற்பதற்குரிய ஏது உண்டா என்பதே வினா.

அவ்வேதுவுக்கு மூன்று இலக்கணங்கள் கூறப்பட்டன. மலையிற் புகை கண்டு நெருப்பு உண்டென முடிவு செய்கின்றோம் என்க. ஏதுவாகிய புகை, ஆராயப்படும் மலையில் இருத்தல் வேண்டும். நெருப்புள்ள அடுக்களை போன்ற சபக்கத்தில் இருத்தல் வேண்டும். நெருப்பில்லாத நீர்நிலை போன்ற விபக்கத்தில் இல்லாதிருத்தல் வேண்டும். சபக்கம் முழுவதிலும் இருத்தல், ஒரு பகுதியில் இருத்தல், எங்கும் இல்லாதிருத்தல் என மூன்று நிலைகள் உண்டு. விபக்கத்துக்கும் அவ்வாறே மூன்று. இவற்றைப் பெருக்க ஒன்பது வகை ஏதுக்கள் தோன்றும். அவற்றுள் இரண்டே செம்மையானவை; இரண்டு தாம் நாட்ட வந்ததற்கு முரணானதை நாட்டுவன; எஞ்சிய ஐந்தும் எம்முடிவையும் தாரா. 'ஏதுச் சக்கரம்' என வழங்கும் இச்சிறு பட்டியல், வாதத்தின் செம்மையை வாதிப்பவனின் சமயத்திலிருந்தும் மதிப்பிலிருந்தும் பிரித்து நோக்க வழிவகுத்தது. இதுவே அதன் வரலாற்று முக்கியத்துவம் எனலாம்.

3. மணிமேகலையிற் பௌத்த அளவை

உ. வே. சாமிநாதையர் 1898இற் பதிப்பித்த மணிமேகலையின் 29ஆவது காதையில், காஞ்சியிலே அறவண அடிகள் மணிமேகலைக்கு அளவையியலைக் கற்பிக்கின்றார். அளவை இரண்டே என்பதும், பெயர் முதலியன நீங்கிய அறிவே காட்சி என்பதும் அங்கு கூறப்படுகின்றன. பக்கம், ஏது, திட்டாந்தம் என்னும் உறுப்புக்கள் விளக்கப்பட்டு, உபநயமும் நிகமனமும் திட்டாந்தத்துள் அடக்கப்படுகின்றன. பின்னர் பக்கப்போலி 9, ஏதுப்போலியின் பெருவகை 3, அவற்றின் உட்பிரிவு 14, திட்டாந்தப்போலி 10 என விரிகின்றது.

இவ்வெண்ணிக்கை, சங்கரசுவாமி இயற்றியதாகச் சீன மரபு கூறும் நியாயப்பிரவேசத்தோடு முற்றும் ஒக்கின்றது. திக்நாகரின் நியாயமுகத்திற் பக்கப்போலி ஐந்தே. நியாயப்பிரவேசம் 647இற் சீனத்தில் மொழிபெயர்க்கப்பட்டது. ஆகவே அதற்கு முற்பட்டது. மணிமேகலையின் இப்பகுதி திக்நாகருக்கு முற்பட்டது என எஸ். கிருஷ்ணசுவாமி ஐயங்கார் வாதித்தார். நியாயப்பிரவேசத்துக்குக் கடன்பட்டது என எஸ். குப்புசாமி சாஸ்திரி வாதித்தார். போலிகளின் எண்ணிக்கையும் வரிசையும் பின்னவர் கருத்துக்கே வலுவூட்டுகின்றன. திக்நாகர் பெயர் காப்பியத்தில் இல்லை என்பதை முற்பட்ட காலத்துக்கு ஏதுவாகக் காட்டுவது பொருந்தாது. அவருக்குப் பிற்பட்ட எத்தனையோ நூல்களிலும் அவர் பெயர் இல்லை. விபக்கத்திலும் காணப்படும் ஏது அது.

பழைமையை இழப்பதனால் மணிமேகலையின் பெருமை குன்றிவிடுவதில்லை. நாலந்தாவிலும் சீனத்திலும் பயிலப்பட்ட ஒரு கலையைச் சாத்தனார் தமிழ்ச் செய்யுளில் எடுத்துரைத்தார். அதனைக் கேட்பவளாக, கணிகையர் குலத்திற் பிறந்த இளம் பெண்ணொருத்தியை நிறுத்தினார். சமூக வரலாற்று நோக்கில் இது மிகுந்த கவனத்துக்குரியது.

4. மரபின் தொடர்ச்சியும் முறிவும்

தமிழகத்திற் பௌத்தம் தேய்ந்ததும் இந்த அளவை மரபும் தனித்து வளரும் வாய்ப்பை இழந்தது. 13ஆம் நூற்றாண்டுச் சிவஞான சித்தியார் காண்டல், கருதல் ஆகியவற்றோடு உரை என்னும் ஆகம அளவையையும் நிலைநாட்டியது. 18ஆம் நூற்றாண்டிற் சிவஞான முனிவர் தருக்க சங்கிரகத்தைத் தமிழாக்கினார். இவை அரும்பணிகளே. ஆயினும் தருக்கம் சமய நூலுக்குத் துணைக்கருவியாகவே பயிலப்பட்டது. இன்று இலங்கையின் உயர்தர வகுப்பில் 'அளவையியலும் விஞ்ஞான முறையும்' பயிலும் மாணவர், நியாயத்தொடையையும் எடுப்பையும் அரிஸ்ரோட்டில் வழியாக அறிகின்றனர். 'போலி' என்னுஞ் சொல் மணிமேகலையிலேயே கலைச்சொல்லாக ஆளப்பட்டமை அவர்களுட் பலருக்குச் சொல்லப்படுவதில்லை.

பேராதனையிலிருந்து பதுளை வழியாக வரும் நெடுஞ்சாலை செங்கலடியிலே முடிவடைகின்றது. அச்சாலையின் ஒரு முனையிலுள்ள பல்கலைக்கழகத்திலே கே. என். ஜயதிலக்க, ஆதி பௌத்தத்தின் அறிவாராய்ச்சியியல் பற்றிய தம் பெருநூலை 1963இல் வெளியிட்டார். மறுமுனையை அடுத்துள்ள வந்தாறுமூலையிற் கிழக்குப் பல்கலைக்கழகம் அமைந்துள்ளது. சிங்கள அறிஞர் பாளி நூல்கள் வழியாகவும், நாம் மணிமேகலை வழியாகவும் அணுகக்கூடிய பொதுச் செல்வம் இது. இருசாராரும் சேர்ந்து பயிலும் வாய்ப்பு இன்னும் போதிய அளவு பயன்படுத்தப்படவில்லை.

5. முடிவுரை

ஆவியோ பனியோ என ஐயுறும் நிலையிலேயே, புகை எனத் துணிந்து நெருப்பு உண்டென முடிவு செய்வதையும் மணிமேகலை ஏதுப்போலிகளுள் ஒன்றாகக் கூறுகின்றது. மார்கழி விடியலில் வாவியின்மேற் படரும் பனியைக் கண்டவர்க்கு இவ்வெடுத்துக்காட்டு எளிதில் விளங்கும். அத்தவறு மனித உயிர்களோடு தொடர்புறும்போது விளைவது யாது என்பதையும் இப்பிரதேசம் அறியும். 1990 ஆகஸ்டிற் காத்தான்குடிப் பள்ளிவாசல்களிலும் ஏறாவூரிலும் முஸ்லிம் மக்கள் கொல்லப்பட்டனர். அதே ஆண்டு செப்டெம்பர் 5ஆந் திகதி, வந்தாறுமூலை வளாகத்தில் அடைக்கலம் புகுந்திருந்த தமிழர்களுள் 158 பேர் இராணுவத்தினராற் கொண்டுசெல்லப்பட்டனர், அவர்கள் திரும்பவில்லை. அங்கு முகமூடி அணிந்தோரின் தலையசைப்பே சான்றாகக் கொள்ளப்பட்டது.

'இவன் இன்ன இனத்தவன், ஆதலாற் பகைவன்' என்னும் வாதத்தைத் திக்நாகரின் சக்கரத்தில் வைத்துப் பார்க்கலாம். பகைவரல்லாத எண்ணற்றோரிடமும் அவ்வேது காணப்படுகின்றது. ஆதலின் அது அநைகாந்திகம், முடிவு தரவியலாத போலி. இவ்வுண்மையை அறிந்திருந்தாற் கொலைகள் நின்றிருக்கும் என நாம் கூற வரவில்லை. அவற்றின் வேர்கள் அரசியலிலும் நிலத்திலும் அதிகாரத்திலும் உள்ளன. ஆனால் அத்தகைய வாதம் எப்பக்கத்திலிருந்து வரினும் அதனைப் போலியென இனங்கண்டு மறுக்கும் பயிற்சியை அளிப்பது கல்வி நிறுவனங்களின் கடமை. நம் மாணவர் மணிமேகலையின் 29ஆவது காதையை இலக்கியமாக மாத்திரமன்றி அளவையியற் பாடமாகவும் கற்பதற்கு, பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்களும் மெய்யியல் ஆசிரியரும் இணைந்து ஆவன செய்தல் வேண்டும்.