ஒரு ராத்தல் தானியமும் ஒன்பதாம் கலமும்

சாப்பாட்டுத் தட்டில் அவசரப்படும் பிள்ளைகளை எங்கள் பாட்டி, "தாது வருஷத்துல பொறந்ததுங்க மாதிரி பறக்குதுங்க பாரு" என்பாள். தாது வருஷம் அவளே பார்த்ததில்லை. அவளுடைய அம்மா சிறு பெண்ணாகப் பார்த்தது. கஞ்சித் தொட்டிக்கு நடந்து போனது, போகும் வழியில் கூட வந்தவர்கள் குறைந்துகொண்டே வந்தது என்று இரண்டே வரியில் அந்தக் கதையைச் சொல்லி முடித்துவிடுவாள் பாட்டி. அதற்கு மேல் கேட்டால் "போய்ப் படிடா" என்று விரட்டுவாள்.

படித்தேன். ஆனால் நாற்பது வயதுக்கு மேல்தான். வருவாய்த் துறையில் 35 வருஷம் குப்பை கொட்டியவன் நான். ஒரு முறை பழைய ஆவணக் காப்பறையைச் சுத்தம் செய்யச் சொன்னார்கள். அங்கே கரையான் பாதி தின்ற சென்னை மாகாணப் பஞ்ச விதித் தொகுப்பு ஒன்று கிடைத்தது. அதைப் புரட்டியபோதுதான் ஒன்று உறைத்தது. வெள்ள நிவாரணம், புயல் நிவாரணம் என்று நாங்கள் எழுதி வந்த படிவங்களுக்கெல்லாம் தாத்தா இந்தப் புத்தகம்தான். அந்தத் தாத்தா பிறந்த கதை கொஞ்சம் கொடுமையானது.

1873-74இல் பீகாரில் மழை பொய்த்தது. அந்த நிவாரணத்தை நடத்தியவர் சர் ரிச்சர்ட் டெம்பிள். பர்மாவிலிருந்து கப்பல் கப்பலாக அரிசி வரவழைத்தார், தாராளமாகக் கூலி கொடுத்தார், இல்லாதவர்களுக்குச் சும்மாவும் கொடுத்தார். பட்டினிச் சாவு அநேகமாக இல்லை என்றே சொல்லலாம். இதற்கு அவருக்கு மாலை போட்டிருக்க வேண்டும் அல்லவா? திட்டுதான் விழுந்தது. இவ்வளவு பணமா, இவ்வளவு அரிசியா, மீந்துபோனதை விற்க வேண்டியதாயிற்றே என்று லண்டனில் கேட்டார்கள். எத்தனை உயிர் பிழைத்தது என்ற கணக்கை எந்தப் பேரேட்டிலும் எழுத முடியாது. எத்தனை லட்சம் செலவானது என்று எழுதலாம். எழுத முடிந்ததை வைத்து மார்க் போட்டார்கள். டெம்பிள் ஃபெயில்.

மூன்று வருஷத்தில் அதே டெம்பிளை வைசிராய் லிட்டன் சென்னை மாகாணத்துக்கு அனுப்பினார். இது 1877 ஜனவரி. இங்கே நிவாரணச் செலவு எல்லை மீறுகிறது, போய்க் கட்டுப்படுத்து என்று உத்தரவு. சூடு கண்ட பூனை என்ன செய்யும்? நிவாரண வேலைத்தளங்களில் இருந்து ஆயிரக்கணக்கானவர்களைக் கழித்துவிட்டார். மிச்சம் இருந்தவர்களுக்கு ஒரு சோதனைக் கூலி வைத்தார். ஆண் ஆளுக்கு நாளைக்கு ஒரு ராத்தல் தானியமும் ஓர் அணாவும், பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் இன்னும் குறைவாக. ராத்தல் என்றால் இன்றைய அளவில் சுமார் 450 கிராம். அதை வாங்கித் தின்றுவிட்டு நாள் முழுக்க மண் வெட்ட வேண்டும், கல் சுமக்க வேண்டும்.

இதை எதிர்த்தவர் வில்லியம் ராபர்ட் கார்னிஷ். சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையர், மருத்துவர். அவர் செலவுக் கணக்குப் பக்கமே போகவில்லை. முகாம்களில் எத்தனை பேர் சாகிறார்கள், உடம்பு எப்படி இளைக்கிறது என்பதைப் பார்த்தார். உழைக்கிற உடம்புக்கு ஒன்றரை ராத்தல் தானியமும், அதோடு பருப்பும் காய்கறியும் வேண்டும் என்று எழுதினார். சென்னை அரசு அந்த வருஷத்திலேயே பாதி வழி இறங்கி வந்தது. ஒன்றே கால் ராத்தல் தானியம், ஒன்றரை அவுன்ஸ் பருப்பு. அதுவரை நடந்தது நடந்ததுதான். அந்தப் பஞ்சத்தில் பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகளில் மட்டும் மாண்டவர்கள் 50 லட்சத்துக்கு மேல் என்று கணக்கிடுகிறார்கள்.

சென்னையில் இருப்பவர்கள் பக்கிங்காம் கால்வாயை மூக்கைப் பிடித்துக்கொண்டு தாண்டிப் போகிறோம். அதில் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் சுமார் 8 கிலோமீட்டர் துண்டு, தாது வருஷப் பஞ்சக் கூலிகள் வெட்டியது. பேர் மட்டும் அப்போதைய கவர்னர் பக்கிங்காம் பிரபுவுக்கு.

பஞ்சம் அடங்கிய பிறகு சர் ரிச்சர்ட் ஸ்ட்ரேச்சி தலைமையில் ஒரு கமிஷன் உட்கார்ந்தது. 1880இல் அறிக்கை கொடுத்தது. அதிலிருந்துதான் பஞ்ச விதிகள் பிறந்தன. நான் கரையானிடம் இருந்து பிடுங்கியது அந்த வம்சத்துப் புத்தகம். அதன் புத்திசாலித்தனத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். மழை இல்லாத வருஷம் அதிகாரி எதையெல்லாம் கவனிக்க வேண்டும் என்று அந்த விதிகள் வகுத்தன. தானிய விலை ஏறுகிறதா, கடன் கொடுத்தவன் கையை இழுத்துக்கொள்கிறானா, பிச்சைக்காரனுக்கு விழும் பிடி அரிசி நின்றுவிட்டதா, ஜனங்கள் மாட்டை ஓட்டிக்கொண்டு ஊர் ஊராக அலைகிறார்களா, சில்லறைத் திருட்டு கூடுகிறதா. சாவு வரும் வரை காத்திருக்காதே, இதெல்லாம் முன்னாலேயே தெரியும் என்பதுதான் உள்ளர்த்தம். சந்தேகம் வந்தால் முதலில் சோதனை வேலை ஒன்றைத் திற. கூட்டம் வந்தால் பஞ்சம் நிஜம். எந்த ஏரியைத் தூர் வாருவது, எந்த ரோடு போடுவது என்ற பட்டியல் நல்ல காலத்திலேயே தயாராக இருக்க வேண்டும். வேலை செய்ய முடியாதவர்களின் பேரை கிராமம் கிராமமாகப் போய் எழுத வேண்டும்.

இன்றைக்குத் தொண்டு நிறுவனக்காரர்கள் திட்டமிடல், கண்காணித்தல், மதிப்பிடல் என்று மூன்று நாள் பயிற்சி வகுப்பு நடத்துகிறார்களே, அதில் பாதி இந்தப் புத்தகத்தில் இருக்கிறது. (மதியச் சாப்பாடு மட்டும் இல்லை.)

ஆனால் புத்தகம் அலமாரியில் இருந்தால் போதாது. 1943இல் வங்காளத்திலும் பஞ்ச விதிகள் இருந்தன. மாகாண அரசு பஞ்சம் என்று அறிவிக்கவே இல்லை. அறிவித்தால் விதிப்படி எல்லோருக்கும் சோறு போட்டாக வேண்டும். லட்சக்கணக்கானவர்கள் கல்கத்தா நடைபாதைகளிலும் கிராமங்களிலும் செத்தார்கள்.

என் சொந்த அனுபவம் 1977 நவம்பர் 12 புயலில் தொடங்குகிறது. அப்போது நாகப்பட்டினம் தஞ்சாவூர் மாவட்டத்தில் இருந்தது. நான் இளநிலை உதவியாளர், வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருஷம். அரிக்கேன் விளக்கு வெளிச்சத்தில் கர்ணம் ஒருவர் எந்தக் காகிதத்தையும் பார்க்காமல் வீடு வீடாகச் சேதக் கணக்குச் சொன்னார், நான் எழுதினேன். அசந்துபோனேன். தாயாதி, பங்காளி, மாடு கன்று உட்பட அத்தனையும் அவர் மனசில் இருந்தது. நான்கு தெரு முடிந்து சேரிக்கு வந்ததும், "அங்கே ஒரு முப்பது குடிசை போட்டுக்கங்க தம்பி" என்றார். அங்கே மட்டும் பேர் இல்லை. அன்று அது எனக்குத் தப்பாகவே படவில்லை.

பிறகு 2004 டிசம்பர் 26. அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் போய்விட்டார்கள். நான் அப்போது துணை தாசில்தார். பக்கத்து மாவட்டத்திலிருந்து மூன்றாம் நாள் என்னை அங்கே அனுப்பினார்கள்.

முதல் வாரத்தில் வந்து குவிந்த பழைய துணிகளை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். லாரி லாரியாக வந்தது. சாலையோரம் மலை மலையாகக் கிடந்து மழையில் நனைந்து நாறியது. கொடுத்தவர்கள் நல்ல மனதோடுதான் கொடுத்தார்கள். ஆனால் மீனவப் பெண்கள் அதைத் தொடக்கூட இல்லை. கொடுப்பவன் வீட்டில் என்ன மிச்சம் இருக்கிறதோ அது வந்தது. வாங்குகிறவனுக்கு என்ன வேண்டும் என்று கேட்கவில்லை.

அதைக் கேட்பதற்கு ஓர் ஏற்பாடு 2005 ஜனவரி முதல் தேதியே ஆட்சியர் அலுவலகத்தில் தொடங்கியது. தொண்டு நிறுவனங்கள் சேர்ந்து ஒரு ஒருங்கிணைப்பு மையம் வைத்தன. எந்தக் கிராமத்துக்கு என்ன தேவை என்பது ஒரு பக்கம், யாரிடம் என்ன இருக்கிறது என்பது இன்னொரு பக்கம். இரண்டையும் இணைப்பதுதான் வேலை. கேட்பதற்குச் சாதாரணமாக இருக்கிறது. அந்த நெரிசலில் அது பெரிய காரியம். ஆரம்பத்தில் எனக்கு அந்த இளைஞர்களைப் பிடிக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். "நேற்று வந்த பிள்ளைகள், நமக்குப் பாடம் எடுக்கிறார்கள்" என்று முணுமுணுத்தவர்களில் நானும் ஒருவன்.

அதில் ஒரு பையன் எனக்கு ஸ்பியர் கையேட்டைக் காட்டினான். 1994 ருவாண்டா இனப்படுகொலைக்குப் பிறகு கோமா அகதி முகாம்களில் காலராவில் ஆயிரக்கணக்கானவர்கள் மாண்டதும், அந்த நிவாரணத்தைப் பல நாடுகள் சேர்ந்து மதிப்பிட்டதும், அதன் தொடர்ச்சியாக 1997இல் இந்த முயற்சி தொடங்கியதும் அவன் சொல்லித்தான் தெரியும். ஆளுக்கு நாளைக்கு 15 லிட்டர் தண்ணீர், 20 பேருக்கு ஒரு கழிப்பறை, தங்க ஆளுக்கு மூன்றரைச் சதுர மீட்டர் கூரை, சாப்பாடு 2,100 கலோரி. அன்று இரவு நான் காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். டெம்பிளின் ஒரு ராத்தல் அரிசி ஏறக்குறைய 1,600 கலோரிதான் வந்தது. கார்னிஷ் சொன்ன ஒன்றரை ராத்தல் 2,400. அந்த மருத்துவர் 1877இலேயே சரியாகச் சொல்லியிருக்கிறார்.

சரி, என் கதைக்கு வருகிறேன். இதை இதுவரை எழுதியதில்லை.

தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்கு நாளறிக்கை போக வேண்டும். படிவத்தில் எட்டு கலங்கள். இறப்பு, காயம், முழுச் சேதக் குடிசை, பகுதிச் சேதக் குடிசை, படகு, வலை, கால்நடை, உப்பு நீர் புகுந்த நிலம். என் பொறுப்பில் இருந்த ஊர்களில் ஒன்று கடலில் இருந்து இரண்டு கிலோமீட்டர் உள்ளே. விவசாயக் கூலிகள் குடியிருப்பு, 43 குடும்பம். சாவு இல்லை, குடிசைக்குச் சேதம் இல்லை, படகு அவர்களிடம் எப்போதுமே இல்லை. எட்டு கலத்திலும் 'இல்லை' என்று எழுதினேன். ஒரு நாள் இரண்டு நாள் அல்ல, ஐந்து வாரம் எழுதினேன். கையே பழகிவிட்டது.

ஒரு நாள் அந்த ஊரிலிருந்து ஒரு வயதான அம்மாள் வந்து அலுவலக வாசலில் உட்கார்ந்திருந்தார்.

"என்னம்மா, உங்க ஊருக்குத்தான் ஒண்ணும் ஆகலையே?" என்றேன்.

"ஆமாங்கய்யா, ஒண்ணும் ஆகல. கரையில கூடை தூக்குவோம், கருவாடு காய வைப்போம், ஐஸு ஒடைப்போம். இப்ப கரையும் இல்ல, கூடையும் இல்ல. வயல்ல எறங்கலாம்னா அங்க உப்புத் தண்ணி பூந்து கெடக்கு. நாங்க எந்தக் கணக்குலங்கய்யா வருவோம்?"

என்னிடம் பதில் இல்லை. மறுநாள் போய்ப் பார்த்தேன். பாத்திரங்கள் அடகில் இருந்தன. பஞ்ச விதிகளில் படித்த அறிகுறிகள் ஒவ்வொன்றாகக் கண்ணில் பட்டன. மளிகைக் கடைக்காரர் கடனை நிறுத்தியிருந்தார். ஆண்கள் திருப்பூர்ப் பக்கம் கிளம்பியிருந்தார்கள். அந்தப் புத்தகத்தைக் காப்பறையில் எடுத்து ரசித்தவன்தான் நான். ஐந்து வாரமாக அதே ஊரைத் தாண்டி ஜீப்பில் போய்க்கொண்டிருந்தவனும் நான்தான்.

படிவத்தில் ஸ்கேல் வைத்து ஒன்பதாவது கலம் ஒன்று போட்டேன். 'வேலை இழந்தோர்' என்று தலைப்பு. மேலே இருந்து அது திரும்பி வந்தது. படிவத்தில் இல்லாததைச் சேர்த்தால் மாவட்டக் கூட்டுத்தொகை இடிக்கும் என்றார்கள். அவர்கள் சொன்னதும் பொய்யில்லை. கூட்டுத்தொகை நிச்சயம் இடித்திருக்கும். பட்டியலை எடுத்துக்கொண்டு, நான் முணுமுணுத்த அதே இளைஞர்களிடம் போய் நின்றேன்.

அடுத்த வருஷம், 2006 ஜூலையில், நாற்பதுக்கும் மேற்பட்ட அமைப்புகள் கூட்டாகச் செய்த சுனாமி மதிப்பீடு வெளிவந்தது. உயிரைக் காப்பாற்றியது பெரும்பாலும் உள்ளூர் ஜனங்கள்தான், வெளியே இருந்து வந்தவர்கள் அவர்களை ஒதுக்கித் தள்ளினார்கள் என்று அதில் ஒளிக்காமல் எழுதியிருந்தார்கள். இன்னொரு கணக்கும் இருந்தது. சுனாமியில் பாதிக்கப்பட்ட ஒருவருக்குத் தலைக்கு 7,100 டாலர் திரண்டதாம். அதே 2004இல் வங்கதேச வெள்ளத்தில் சிக்கியவருக்குத் தலைக்கு 3 டாலர். நம் கரையில் ஃபைபர் படகுகள் முன்பு இருந்ததை விட அதிகமாகவே வந்து இறங்கியதை நாம் எல்லோரும் பார்த்தோம். படகு கொடுத்தால் புகைப்படம் எடுக்கலாம், எண்ணலாம், அறிக்கையில் போடலாம். ஐஸ் உடைக்கிற அம்மாளுக்கு என்ன கொடுத்துப் புகைப்படம் எடுப்பது?

அந்த 43 குடும்பத்துக்கு பிப்ரவரி கடைசியில் அரிசி வந்தது. குடும்பத்துக்கு ஒரு மூட்டை என்று பேச்சு. லாரியில் இருந்து இறக்கி எண்ணியபோது 41தான் இருந்தது. அந்த அம்மாள் எல்லோரையும் உட்காரவைத்து, முறத்தால் அளந்து அவர்களுக்குள்ளேயே சரிக்கட்டிவிட்டார். சாயங்காலம் ஐந்து மணிக்கு நான் அறிக்கை எழுதினேன். 'வழங்கப்பட்டது: 43 மூட்டை.'