காகிதச் சக்கரவர்த்திகள் - 6: முடிக்க விடாத கதை

சென்ற வாரம் மூன்று மாதக் கெடுவோடு நிறுத்தியிருந்தோம். 'டாக்டர் ஸ்லம்ப்' தொடரை இதோடு முடித்துக்கொள்கிறேன், ஆளை விடுங்கள் என்று கெஞ்சினார் அகிரா டோரியாமா. டோக்கியோவில் 'ஷோனென் ஜம்ப்' வார இதழின் ஆசிரியர் குழுவில் இருந்த கஸுஹிகோ டோரிஷிமா ஒரு நிபந்தனை போட்டார். தாராளமாக முடிக்கலாம், ஆனால் மூன்று மாதத்தில் இதைவிடச் சுவாரஸ்யமான இன்னொரு தொடர் வந்தாக வேண்டும். (டோரியாமா வரைகிறவர், டோரிஷிமா அவரை வேலை வாங்குகிறவர். இந்த அத்தியாயம் முழுக்க இருவரும் மாறி மாறி வருவார்கள், பெயரைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.)

டோரிஷிமா லேசுப்பட்ட ஆளில்லை. புதுமுகமாக வந்த டோரியாமாவின் பக்கங்களை நூற்றுக்கணக்கில் திருப்பி அனுப்பியவர். பழிவாங்க டோரியாமாவுக்குக் கிடைத்த ஒரே ஆயுதம் பேனா. 'டாக்டர் ஸ்லம்ப்'பின் வில்லனுக்கு டோரிஷிமாவின் முகத்தையே வைத்து, அவர் பெயரைத் தலைகீழாக்கி 'டாக்டர் மஷிரிடோ' என்று சூட்டிவிட்டார். ஜப்பான் முழுக்கப் பிள்ளைகள் சிரித்தார்கள். ஆனால் நிபந்தனை நிபந்தனைதான்.

அடுத்து என்ன வரைவது? டோரியாமாவுக்கு ஒரு பழக்கம் உண்டு. வேலை நேரத்தில் ஜாக்கி சானின் குங்ஃபூ படங்களை ஓடவிட்டுக்கொண்டே வரைவார். அவ்வளவு பிடிக்கும் என்றால் அதையே வரையலாமே என்றார் டோரிஷிமா. 1983-ல் 'டிராகன் பாய்' என்ற சிறு கதை வெள்ளோட்டமாக வந்தது. அதோடு சீனத்தின் பழைய 'மேற்குப் பயணம்' கதையிலிருந்து குரங்கு அரசனைக் கொஞ்சம் கடன் வாங்கிச் சேர்த்ததும், 1984-ன் கடைசியில் 'டிராகன் பால்' பிறந்தது. வால் முளைத்த சிறுவன் கோக்கு. ஏழு மந்திரப் பந்துகள். சேர்த்தால் ஒரு டிராகன் வந்து வரம் தரும்.

இன்று உலகம் முழுக்க இந்தக் கதையைக் காவியம் என்கிறார்கள். ஆரம்பித்த சில மாதங்களிலேயே அது சறுக்கியது என்பதை அவர்களில் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள்.

எப்படிச் சறுக்கியது என்று தெரிந்தது? அதுதான் இந்தத் தொடரின் அசல் வில்லன்: ஒரு தபால் அட்டை.

1968-ல் ஷுயெய்ஷா நிறுவனம் 'ஜம்ப்' இதழைத் தொடங்கியபோது அவர்களிடம் பெரிய ஓவியர்கள் யாரும் இல்லை. எல்லோரையும் போட்டி இதழ்கள் வளைத்துப் போட்டிருந்தன. புதுமுகங்களை நம்ப வேண்டியிருந்தது, புதுமுகங்களில் யார் தேறுவார் என்று சொல்ல வாசகரை விட்டால் ஆளில்லை. ஒவ்வொரு இதழிலும் ஓர் அட்டை இருக்கும். இந்த வாரம் பிடித்த மூன்று கதைகளை எழுதி அனுப்ப வேண்டும். வந்த அட்டைகளை எண்ணிப் பட்டியல் போடுவார்கள். அடியில் கிடக்கும் தொடருக்குப் பத்து வாரம் கழிந்தாலே கண்டம்தான்.

பெரிய பெயர் இருந்தாலும் தப்ப முடியாது. மஸாமி குருமாடா ஏற்கெனவே வெற்றி பெற்ற ஓவியர். வாழ்நாள் கனவு என்று 1984-ல் அவர் தொடங்கிய 'ஒட்டோகோஸாகா' அட்டையில் தோற்றது. தொடரை நிறுத்தச் சொன்னார்கள். நாயகன் மேட்டில் ஏறி நிற்கும் கடைசிப் பக்கத்தில், 'முடியவில்லை' என்ற பொருளில் இரண்டே எழுத்துகளைப் பெரிதாக எழுதிவிட்டுக் குருமாடா கிளம்பினார். தொடர் எழுதுகிறவன் என்ற முறையில் சொல்கிறேன், இந்தத் துறையில் அதைவிடக் கௌரவமான வெளியேற்றம் எனக்குத் தெரியாது.

கோக்குவுக்கும் அதே கதி வந்திருக்கும். டோரிஷிமா அட்டைகளைப் பார்த்தார். நாயகன் வெள்ளந்தியாக இருக்கிறான், ஆனால் அவனுக்கு என்ன வேண்டும் என்று வாசகனுக்குத் தெரியவில்லை என்பது அவர் கண்டுபிடிப்பு. பந்து தேடும் கதையை ஓரங்கட்டிவிட்டுச் சண்டைப் போட்டியைக் கொண்டுவந்தார்கள். பலசாலி ஆக வேண்டும், அவ்வளவுதான் கோக்குவின் ஆசை. அட்டைகள் குவிந்தன.

அந்த முதல் போட்டியில் ஒரு சண்டையை நான் யாருக்கும் சிபாரிசு செய்வேன். கோக்குவின் நண்பன் கிரிலினும், ஜாக்கி சுன் என்ற பெயரில் மாறுவேடம் போட்டு வந்த அவர்களுடைய கிழ குருவும் மோதுகிறார்கள். கண்ணிமைக்கும் நேரத்தில் ஏதோ நடந்து, இருவரும் ஆளுக்கொரு பக்கம் தெறிக்கிறார்கள். கூட்டத்துக்கு ஒன்றும் புரியவில்லை. அறிவிப்பாளர் வந்து, ஐயா, இப்போது என்ன நடந்தது என்று கேட்கிறார். இருவரும் சலித்துக்கொள்ளாமல் முதலிலிருந்து மெதுவாக நடித்துக் காட்டுகிறார்கள்: நான் இப்படிக் குத்தினேன், அவர் இப்படித் தடுத்தார், நடுவில் கல்-காகிதம்-கத்தரிக்கோல் விளையாடினோம்! வேகத்தைக் காட்ட வேண்டும், நகைச்சுவையும் வர வேண்டும், வரிசையாக எந்தக் கட்டத்திலும் கண் தடுமாறவும் கூடாது. இந்த வித்தையில் டோரியாமாவை மிஞ்ச ஆளில்லை. யார் எங்கே நிற்கிறார், அடி எங்கிருந்து வருகிறது என்று ஒரு கட்டத்தில்கூட நாம் முழிக்க வேண்டியதில்லை.

என் கட்சியை இங்கேயே சொல்லிவிடுகிறேன். 'டிராகன் பால்' மிகையாகப் புகழப்பட்ட கதை, போதிய அளவு புகழப்படாத ஓவியம். ரசிகர்கள் இதை மாற்றிப் போட்டுக் கொண்டாடுகிறார்கள். எல்லாம் ஆரம்பத்திலேயே திட்டமிட்டது என்று ஒரு கூட்டம் சத்தியம் செய்யும். வால் இருந்ததே, பௌர்ணமியில் ராட்சசக் குரங்காக மாறினானே, பிற்பாடு அவன் வேற்றுக்கிரகத்து ஸையன் இனத்தவன் என்று தெரிந்ததே, பார்த்தீர்களா பொருத்தத்தை என்பார்கள். டோரியாமா என்ன சொன்னார்? ஸையன் யோசனையெல்லாம் தொடங்கும்போது இல்லை, போகிற போக்கில் வந்தது என்றார். அடுத்த வாரம் என்ன நடக்கும் என்பது அவருக்கே தெரியாது. லன்ச் என்ற பாத்திரம் ஏன் காணாமல் போனாள் என்று கேட்டதற்கு, மறந்துவிட்டேன் என்று வெள்ளையாகப் பதில் சொன்னவர்.

1989-ல் தொலைக்காட்சித் தொடருக்குப் புதுப் பெயர் வேண்டும் என்று கேட்டார்கள். டோரியாமா ஒரே ஒரு எழுத்தைக் கொடுத்தார்: 'இஸட்'. ஆங்கில அகரவரிசையின் கடைசி எழுத்து. சீக்கிரம் முடியப்போகிறது, பொருத்தமாக இருக்கட்டும் என்ற நினைப்பு. 'டிராகன் பால் இஸட்' அதன் பிறகு 291 அத்தியாயம் ஓடியது.

ஓட வைத்தது எது? எண்கள். பகைவரின் பலத்தை அளக்கும் ஒரு கண்ணாடிக் கருவியைக் கதையில் நுழைத்தார் டோரியாமா. முதலில் மாட்டிய விவசாயியின் பலம் 5. நாமெக் கிரகத்தில் ஃப்ரீஸா என்ற கொடுங்கோலன் வாய் திறந்து சொன்ன கணக்கு 5,30,000. அடுத்த உருவத்துக்கு மாறியதும் பத்து லட்சத்தைத் தாண்டியது. பிறகு எண்ணிப் பயனில்லை என்று கருவியையே மூட்டை கட்டிவிட்டார்கள். எண் போனாலும் வாய்ப்பாடு தங்கிவிட்டது. வெல்ல முடியாத ஒருவன் வருவான், நம்மவர் பயிற்சி எடுப்பார், அவன் உருமாறுவான், இவரும் உருமாறுவார்.

1991-ல் கோக்குவின் கூந்தல் பொன்னிறமாகி நட்டுக்கொண்ட கட்டத்தை, மங்கா எனப்படும் ஜப்பானியச் சித்திரக்கதை வரலாற்றின் மாபெரும் தருணம் என்று இன்றும் எழுதுகிறார்கள். அந்தப் பொன்னிறம் எங்கிருந்து வந்தது? டோரியாமாவிடம் இருந்தது ஒரே ஒரு உதவியாளர். கோக்குவின் கருங்கூந்தலுக்கு வாரா வாரம் மை தீட்டியே அவருடைய நேரம் கரைந்தது. பொன்னிறம் என்றால் கறுப்பு வெள்ளைப் பக்கத்தில் தாளை வெறுமனே விட்டுவிடலாம். மை மிச்சம், நேரமும் மிச்சம். சண்டையைப் பொட்டல் காட்டுக்கு மாற்றுவதிலும் அதே சாமர்த்தியம்தான். கட்டடம் இருந்தால் வரைய வேண்டும், இடித்துவிட்டால் வரைய வேண்டியதில்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை. வாரம் சுமார் பதினைந்து பக்கம் கொடுத்தே தீர வேண்டிய ஒரு மனிதனின் புத்திசாலித்தனம் அது. தத்துவம் என்று தூக்கிவைத்துக் கொண்டாடுவதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

தொலைக்காட்சி இன்னும் மோசம். இதழில் கதை வாரம் ஓர் அத்தியாயம்தான் நகரும், அதை முந்திவிடக் கூடாது. எனவே முறைப்பதும், உறுமுவதும், மேகம் திரள்வதுமாக நேரத்தை இழுத்தார்கள். இன்னும் ஐந்து நிமிடத்தில் இந்தக் கிரகம் வெடிக்கும் என்று ஃப்ரீஸா அறிவித்தான். வாரங்கள் போயின, நாமெக் வெடிக்கவில்லை. மாமியார் திரும்பிப் பார்ப்பதை மூன்று கோணத்தில் இடியோசையோடு காட்டும் நம்மூர் நெடுந்தொடர் இயக்குநர்கள்கூட அவர்களிடம் பாடம் படிக்கலாம். நான் மிகைப்படுத்துகிறேன் என்று நினைப்பவர்கள் 2009-ல் வந்த 'டிராகன் பால் காய்' பதிப்பைப் பார்க்கட்டும். செல் என்ற பிற்கால வில்லனின் கதை முடியும்வரை 194 அத்தியாயமாக இருந்ததை, அதே நிறுவனம் வெட்டிச் சுருக்கி நூறுக்கும் கீழே கொண்டுவந்தது. பாதி சதையல்ல, பஞ்சு.

ஃப்ரீஸா தோற்றதும் தொடரை முடிக்கத்தான் டோரியாமா நினைத்தார், ஆசிரியர்கள் விடவில்லை என்று ஒரு கதை உலவுகிறது. எனக்கு அதில் நம்பிக்கையில்லை. முடிவைத் திட்டமிட, அவர் முதலில் எதையாவது திட்டமிடுகிறவராக இருக்க வேண்டுமே! ஆனால் அதற்குப் பிறகு நடந்ததை அவரே பேட்டியில் சொல்லியிருக்கிறார். கேளுங்கள்.

எதிர்காலத்திலிருந்து ஓர் இளைஞன் வந்து, பயங்கரமான இரு செயற்கை மனிதர்கள் வரப்போகிறார்கள் என்று எச்சரிக்கிறான். டோரியாமா இருவரை வரைந்தார். தொலைபேசி மணி அடித்தது. டோரிஷிமா! அப்போது அவர் 'டிராகன் பால்' பொறுப்பிலேயே இல்லை, வேறு வேலைக்குப் போய்விட்டார். ஆனாலும் படித்துவிட்டு அழைத்தார். ஒரு கிழவனும் ஒரு குண்டனும், இவர்களா வில்லன்கள் என்று கேலி. சரி என்று 17, 18 என்ற இரு இளவட்டங்களைக் கொண்டுவந்தார் டோரியாமா. மறுபடி மணி அடித்தது. இப்போது பொடிசுகளாக இருக்கிறார்களே என்றார். வேறு வழியில்லாமல் செல் என்ற பூச்சி வடிவ அரக்கனைப் படைத்தார். இந்த முறை குறை சொன்னவர் அன்றைய பொறுப்பாசிரியர் யூ கோண்டோ: பார்க்க அசிங்கமாக இருக்கிறான், மாறுவான்தானே? மாறினான். இரண்டாவது உருவம் முட்டாள்போல் இருக்கிறது, அடுத்தது எப்போது? அதன் பிறகே அந்த அழகான 'முழுமை பெற்ற' செல்.

இரண்டு ஆசிரியர்களின் முகச்சுளிப்பைச் சமாளிக்கப் போட்ட ஒட்டுகள் இவை. இந்த ஒட்டுகளுக்கு அடியில் விதியும் பரிணாமமும் பற்றிய ஆழ்ந்த சிந்தனை இருப்பதாக ஆராய்ச்சி செய்கிறவர்களை நினைத்தால் பாவமாக இருக்கிறது.

செல்லோடு மோதும் கதையில் கோக்கு உயிர்விட, மகன் கோஹான் கொடியை ஏந்துகிறான். தொடரின் பிற்பகுதியில் உண்மையாகவே நெஞ்சைத் தொட்ட இடம் அது. இனி மகன்தான் நாயகன் என்று டோரியாமா நினைத்தார். பிறகு, பையன் சரிப்பட்டு வரவில்லை என்று முடிவு செய்து, செத்த அப்பாவையே திரும்ப அழைத்துவந்தார். சாவுக்கு மதிப்பில்லாத கதையில் சண்டைக்கு மட்டும் எப்படி மதிப்பிருக்கும்? இங்கேதான் நான் அட்டையை எழுதி அனுப்புவதை நிறுத்தியிருப்பேன்.

ஜப்பானியப் பிள்ளைகள் நிறுத்தவில்லை. 1995 புத்தாண்டு இதழ் அச்சானது 65 லட்சத்து 30 ஆயிரம் பிரதிகள். 'ஜம்ப்' இதழின் உச்சம் அதுதான். 'டிராகன் பால்' ஒருபுறம், கூடைப்பந்துக் கதையான 'ஸ்லாம் டங்க்' மறுபுறம். இதே காலத்தில் 'யூ யூ ஹகுஷோ'வை வரைந்த யோஷிஹிரோ டொகாஷி, உடம்பும் மனமும் ஓய்ந்துபோய், 1994-லேயே சட்டென்று தன் தொடரை நிறுத்தியிருந்தார். வெற்றியின் நடுவே எழுந்து போகலாம் என்று காட்டிய துணிச்சல் அது.

அடுத்த வருடமே டோரியாமாவும் எழுந்தார். கதையை நம்பிப் பொம்மைகளும் விளையாட்டுகளும் தொலைக்காட்சித் தொடரும் வரிசை கட்டி நின்றன. அவரோ போதும் என்றார். 1995 மே மாதம், 519-வது அத்தியாயம். பெரிய போரில்லை, கண்ணீர் இல்லை. கோக்கு ஒரு புதுச் சிறுவனுக்குப் பயிற்சி தரப் பறந்துபோகிறான், கதை முடிகிறது. 42 புத்தகங்கள். கடைசி அத்தியாயம் சப்பென்று இருப்பதாகக் குறைப்பட்டவர்கள் உண்டு. எனக்கு ஆரம்ப நாட்களின் டோரியாமா தெரிந்த பக்கங்கள் அவை.

ஆனால் இதழுக்கு அது இடி. 1996-ல் 'ஸ்லாம் டங்க்'கும் முடிந்தது. லட்சக்கணக்கில் வாசகர்கள் கழன்றுகொள்ள, போட்டி இதழான 'ஷோனென் மேகஸின்' பின்னாலிருந்து நெருங்கியது. ஷுயெய்ஷாவின் மேலிடம் ஓர் ஆளை அழைத்துத் தலைமை ஆசிரியர் நாற்காலியில் உட்கார வைத்தது. யார் என்று சொல்லவும் வேண்டுமா? டாக்டர் மஷிரிடோவேதான்.

டோரிஷிமாவுக்கு உடனடியாகத் தேவை இன்னொரு கோக்கு. புதுத் தொடர்களைத் தேர்ந்தெடுக்கும் கூட்டத்துக்கு, குமமோட்டோவிலிருந்து வந்த, இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த ஓர் இளைஞனின் கதை வந்தது. வைக்கோல் தொப்பி, ரப்பர் உடம்பு, கடற்கொள்ளைக்காரனாக ஆசை. வரைந்தவர் எய்ச்சிரோ ஓடா, டோரியாமாவின் பரம ரசிகர். கூட்டம் இரண்டாகப் பிரிந்து வாதாடியது.

தலைமை ஆசிரியருக்கு அந்தக் கதை பிடிக்கவில்லை. பிறகு 1997-ல் அது எப்படி அச்சேறியது? அச்சேறிய கதை இன்றுவரை ஏன் முடியவில்லை?

(தொடரும்)