படம் பிடிக்காத ஆட்டம்

இந்த முறை பாளையக்காரர் கதை இல்லை. (நடுவில் கொஞ்சம் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். முப்பது வருஷப் பழக்கம்.)

சென்னையிலிருந்து பேரன் லீவுக்கு வந்திருக்கிறான். எப்போது பார்த்தாலும் செல்போனில் தெருக் கூடைப்பந்து வீடியோ. நானும் எட்டிப் பார்த்தேன். ஒரு பையன் எதிராளியின் கால் இடுக்கில் பந்தை விட்டு அந்தப் பக்கம் போய் எடுக்கிறான். எதிராளி தடுமாறி உட்காருகிறான். சுற்றி நிற்கிற கூட்டம் மைதானத்துக்குள்ளேயே ஓடி வந்து குதிக்கிறது. "ஸ்கோர் எத்தனைடா?" என்றேன். "இதுல யாரு தாத்தா ஸ்கோர் பாக்கா?" என்றான். அந்தப் பதில் மண்டையில் ஏறிவிட்டது. ஒரு வாரம் இதையேதான் படித்துக்கொண்டிருந்தேன்.

கூடைப்பந்து 1891 டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் ஜேம்ஸ் நைஸ்மித் என்ற ஆசிரியர் உண்டாக்கியது. குளிர்காலத்தில் கட்டடத்துக்குள் அடைந்து கிடந்த மாணவர்களை ஆட வைப்பதற்காக. பீச் பழக் கூடையை மாட்டி, பக்கத்துக்கு ஒன்பது பேர் ஆடினார்கள். அந்த முதல் ஆட்டத்தில் ஒரு பக்கத்துக் கேப்டன் டங்கன் பேட்டன். இவர்தான் 1894இல் இந்தியாவுக்கு இந்த ஆட்டத்தைக் கொண்டு வந்தவர். பிறகு 1920இல் ஹாரி குரோ பக் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். அங்கே படித்தவர்கள் ஊர் ஊராக டிரில் மாஸ்டர்களாகப் போனார்கள். ஆக நம் பக்கம் இது வந்ததே விசிலோடும் சுண்ணாம்புக் கோட்டோடும்தான்.

நியூயார்க்கின் ஹார்லெமில் வேறு மாதிரி வளர்ந்தது. ஹோல்கோம்ப் ரக்கர் என்பவர் அங்கே நகராட்சிப் பூங்கா ஊழியர். கறுப்பினப் பிள்ளைகளுக்காக 1950 வாக்கில் கோடைப் போட்டி நடத்த ஆரம்பித்தார். அவர் நம் ஜாதி, வாத்தியார் ஜாதி! மதிப்பெண் அட்டையைக் கேட்டு வாங்கிப் பார்ப்பாராம். நூற்றுக்கணக்கான பையன்கள் உதவித்தொகையோடு கல்லூரி போக வழி செய்தார். 1965இல், நாற்பது வயதுகூட ஆகாமல், புற்றுநோயில் போய்விட்டார். 155ஆவது தெருவில் இருக்கும் பூங்காவுக்கு இன்று அவர் பெயர்தான். வில்ட் சேம்பர்லின், ஜூலியஸ் எர்விங் போன்ற பெரிய தொழில்முறை ஆட்டக்காரர்கள் கோடையில் காசு வாங்காமல் அங்கே வந்து ஆடினார்கள். ஜனங்கள் கூரை மேலும் மரக்கிளையிலும் ஏறிப் பார்த்தார்கள். நம்மூர்க் கொடையில் கபடி பார்க்கக் காம்பவுண்டுச் சுவரில் ஏறியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அந்த ஹார்லெமில் எர்ல் மானிகால்ட் என்று ஒருவர். பட்டப்பெயர் 'கோட்'. என்.பி.ஏ.வில் ஒரு ஆட்டம்கூட ஆடியதில்லை. போதைப் பழக்கம், சிறை என்று வாழ்க்கை போய்விட்டது. பிறகு திருந்தி வந்து, சின்னப் பையன்களுக்குப் போட்டி நடத்தினார். 1998இல் இறந்தார். ஆனால் கரீம் அப்துல் ஜப்பார் போன்ற மாபெரும் ஆட்டக்காரரே, தான் பார்த்ததில் மிகச் சிறந்தவர்களில் ஒருவராக இவர் பெயரைச் சொல்லியிருக்கிறார். எம்பிக் குதித்துப் பலகையின் உச்சியில் வைத்த நாணயத்தை எடுப்பார் என்பது கதை. பலகையின் உச்சி தரையிலிருந்து சுமார் 13 அடி. ஆள் ஆறடிக்குக் கொஞ்சம் கூட. நடக்கிற காரியமா? அதைக் காட்டும் படம் எதுவும் இல்லை. படம் இல்லாததால்தான் நாணயம் இன்னும் அங்கேயே இருக்கிறது என்று தோன்றுகிறது. பூலித்தேவர் சங்கரன்கோவில் சந்நிதியில் ஜோதியில் கலந்தார் என்று நம் ஜனங்கள் இடத்தையே காட்டுகிறார்கள் அல்லவா? கும்பினிக்காரன் எழுதி வைத்த கடிதம் வேறு, ஊர் வாய் காத்து வைத்த கதை வேறு. இரண்டையும் வகுப்பில் சொல்லித்தான் பழக்கம் எனக்கு.

இனி வீடியோவுக்கு வருகிறேன். நியூயார்க் குவீன்ஸ் பகுதிப் பையன் ரேஃபர் ஆல்ஸ்டன். ரக்கர் பூங்காவில் மைக் பிடித்தவர் 'ஸ்கிப் டு மை லூ' என்று ஒரு குழந்தைப் பாட்டின் பெயரை அவனுக்கு வைத்துவிட்டார். அவனுடைய பள்ளிப் பயிற்சியாளர், அவன் ஆடியதைப் பதிவு செய்திருந்த மங்கலான கேசட் ஒன்றை ஆண்ட்ஒன் என்ற ஷூ கம்பெனியிடம் கொடுத்தார். அதை வெட்டி ஒட்டி, ஹிப்ஹாப் இசை சேர்த்து 1998இல் ஐம்பதினாயிரம் பிரதி போட்டு விநியோகித்தார்கள். பிறகு கடையில் ஷூ வாங்கினால் கேசட் இலவசம். 2002இல் இ.எஸ்.பி.என். தொலைக்காட்சித் தொடராகவே வந்தது. ஊர் ஊராகப் போய் ஆடினார்கள். 2005இல் யூடியூப் வந்ததும் கேசட்டுக்கு மவுசு போயிற்று. ஆனால் அந்த வெட்டி ஒட்டும் பாணி போகவில்லை. என் பேரன் கையில் இருப்பது அதன் கொள்ளுப்பேரன்.

ரசிகனை இழுப்பது எது? பேரனோடு உட்கார்ந்து ஐம்பது வீடியோவாவது பார்த்திருப்பேன். பந்தைவிடக் கூட்டத்தின் முகம்தான் முக்கியம் என்று பட்டது. கேமரா ஆடுவதால், பார்க்கிறவனும் அந்தக் கூட்டத்தில் முண்டியடித்து நிற்பதுபோல இருக்கிறது. இன்னொன்று, இதை ஆட ஸ்டேடியம் வேண்டாம், ஒரு பந்தும் ஒரு வளையமும் போதும். நாமும் செய்யலாம் என்று எந்தத் தெருப் பையனுக்கும் தோன்றும்.

ஆனால் சரித்திர வாத்தியார் கண்ணுக்கு இது மெய்க்கீர்த்தி. ராஜராஜன் காலம் தொட்டுக் கல்வெட்டின் தலைப்பில் அரசன் வென்ற நாடெல்லாம் வரிசையாக வரும். தோற்ற போர் வராது. இந்த வீடியோவிலும் கூடைக்குள் விழாத பந்து வராது. பந்தை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு ஓடுவது விதிப்படி தப்பு. அந்த விசிலும் வராது. ஆல்ஸ்டன் பிறகு என்.பி.ஏ.வில் பதினோரு சீசன் ஆடினார், 2009 இறுதித் தொடரில் ஆர்லாண்டோ அணியின் தொடக்க ஐவரில் இருந்தார். அந்த நிலைக்கு அவர் வந்தது வித்தையை மூட்டை கட்டி வைத்து, ஒழுங்காகப் பந்தைப் பிரித்துக் கொடுத்துத்தான்.

இதை எழுதும்போது கை கொஞ்சம் நின்றது. காரணம் சொல்கிறேன்.

நான் முன்பு வேலை பார்த்த ஒரு பள்ளியில், செம்மண் தரையில் ஒரே ஒரு இரும்புக் கம்பமும் பலகையும் இருந்தன. ஒல்லியாக ஒரு பையன், பத்தாம் வகுப்பு. செருப்பில்லாத காலோடு, பந்தை முதுகுக்குப் பின்னால் மாற்றுவான், பார்க்காமலே பாஸ் கொடுப்பான். எங்கே கற்றான்? அப்போது அவன் வீட்டில் டி.வி. கிடையாது. கேசட்டும் வரவில்லை. தானாக வந்தது. மாவட்டப் போட்டிக்குத் துணை ஆசிரியராக நான் போயிருந்தேன். முதல் பாதியில் அவன் இப்படி ஒரு வித்தை காட்டப் போய், பந்து வெளியே போய்விட்டது. "இது என்ன சர்க்கஸா? உட்காரு" என்றேன். விளையாட்டு ஆசிரியர்கூட, "இருக்கட்டும் சார், ஆடட்டும்" என்றார். நான் கேட்கவில்லை. அன்று தோற்றோம். மறு வருஷம் அவன் பள்ளிக்கே வரவில்லை. திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டான்.

போன மாதம் போன் செய்து விசாரித்தேன். அந்த ஆட்டம் நினைவிருக்கிறதா என்று கேட்டதற்கு, "நீங்க உட்காரச் சொன்னதுதான் சார் ஞாபகமிருக்கு" என்று சிரித்தான். அவனும் இந்தப் பதிவைப் படிப்பான். பெயர் சொல்ல மாட்டேன்.

அந்த வருஷ அணியில் இருந்தவர்கள் யாரிடமாவது ஒரு போட்டோ இருந்தால் அனுப்புங்கள். போட்டோ இல்லாவிட்டால், அவன் ஆடியதில் ஞாபகம் இருப்பதைக் கீழே எழுதுங்கள். பேரன் கேட்கிறான். 13 அடி நாணயம் போலக் கொஞ்சம் கூட்டிச் சொன்னாலும் பரவாயில்லை.