கொல்லையும் புழக்கடையும்

மொரப்பூரில் ரயிலை விட்டு இறங்கித் தருமபுரிப் பேருந்துக்கு நிற்பவர்களில் பலருக்கு, இங்கிருந்து தருமபுரிக்கு ஒரு குட்டி ரயில் ஓடியது தெரியாது. 1906இல் தொடங்கியது. தண்டவாளங்களுக்கு இடையே இரண்டரை அடிதான் அகலம். 1913இல் ஓசூர்வரை நீண்டது, 1941இல் நிறுத்திவிட்டார்கள். பயணிகளின் வசதிக்காகப் போட்ட பாதை அல்ல அது. அரசாங்கக் கணக்கில் அது பஞ்சப் பாதுகாப்பு ரயில். மழை பொய்த்தால் வெளியூர்த் தானியம் உள்ளே வர ஒரு வழி வேண்டும் என்று யோசித்திருக்கிறார்கள்.

அப்படி யோசிக்க வைத்தது தாது வருடப் பஞ்சம். 1876 முதல் 1878 வரை நீடித்தது. மொரப்பூர் அப்போது சேலம் மாவட்டத்தில் இருந்தது. 1871 கணக்கெடுப்பில் ஏறத்தாழ 19.67 லட்சமாக இருந்த அந்த மாவட்டத்தின் மக்கள்தொகை, 1881இல் ஏறத்தாழ 16 லட்சம். இத்தனைக்கும் சென்னையிலிருந்து சேலம் போகும் பெரிய ரயில்பாதை 1860களிலேயே இந்தப் பக்கமாகப் போய்விட்டது. ரயில் இருந்தது, தானியத்தை விலை கொடுத்து வாங்க மக்களிடம் காசு இல்லை. 1877 தொடக்கத்தில் நிவாரண வேலைக்கு ரிச்சர்டு டெம்பிள் நிர்ணயித்த கூலி, வளர்ந்த ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் கொஞ்சம் காசும். ஒரு பவுண்டு அரைக் கிலோவுக்கும் குறைவு. சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையர் கார்னிஷ் இது போதாது என்று கடுமையாக எதிர்த்தார். அந்தச் சண்டையை இன்று படிக்கும்போது எனக்குக் கண்ணில் படுவது வேறு. அளவுகோல், மண் சுமக்கும் ஓர் ஆணின் உடம்பு. அந்தத் தானியம் வீட்டுக்கு வந்தபின் எத்தனை பேருக்குக் கூழாகக் கரைந்தது, கரைத்தவள் கடைசியில் என்ன குடித்தாள் என்பதற்குத் தராசு இல்லை.

ரயிலுக்கு முன்னும் பின்னும் இந்த வறண்ட மண்ணில் ஆட்களை உயிரோடு வைத்திருந்த ஏற்பாடு ஒன்று உண்டு. அதற்குப் பெயர் வைக்க யாரும் மெனக்கெடவில்லை. பல ஊர்களில் கொல்லை என்றால் வீட்டின் பின்பக்கம். எங்கள் பக்கம் கொல்லை என்பது மானாவாரி நிலம். சங்கப் பாடல்களிலும் முல்லை நிலத்துப் புன்செய்க்கு இந்தச் சொல் வருகிறது. கொல்லையில் ராகி விதைத்தால் நடுநடுவே அவரை, துவரை, கடுகு என்று சால் விடுவார்கள். ராகி தவறினாலும் துவரை நிற்கும். களையெடுக்கப் போன பெண்கள் வெறுங்கையோடு திரும்ப மாட்டார்கள். மடியில் பண்ணைக்கீரையும் தொய்யக்கீரையும் இருக்கும். வேளாண்மைப் புத்தகத்துக்கு அவை களை. ராத்திரிக் களிக்கு அவைதான் குழம்பு. அறுவடைக்குப் பிறகு நல்ல கதிராகப் பார்த்து எடுத்துவைத்து, சாம்பல் கலந்தோ வேப்பிலை போட்டோ பானையில் மூடியவர்களும் பெண்கள். ராகியைப் பூச்சி எளிதில் அண்டாது, ஆண்டுக்கணக்கில் வைக்கலாம். பஞ்சத்தைத் தாண்டுவதற்கு இதைவிட நல்ல தானியம் இல்லை. வீட்டுக்குப் பின்னால் புழக்கடை வேறு: பாத்திரம் கழுவிய தண்ணீர் பாயும் இடத்தில் ஒரு முருங்கை, ஒரு பூசணிக்கொடி, ஒரு பந்தல் அவரை.

அதியமானின் தகடூர்தான் இன்றைய தருமபுரி. அவனுடைய முன்னோர் கரும்பை இந்த நாட்டுக்குக் கொண்டுவந்ததாக ஔவையார் புறநானூற்றில் பாடுகிறார். ஒரு பயிர் வந்த வரலாற்றை ஒரு பெண் கவிஞர் பதிந்துவைத்திருக்கிறார், பெருமை அரச குலத்துக்குப் போயிருக்கிறது. வகுப்பில் இந்தப் பாடல் வரும்போதெல்லாம் நான் ஒன்று கேட்பதுண்டு. கிழக்கு ஆப்பிரிக்க மேட்டுநிலத்தில் பிறந்த ராகியை இங்கே ஆண்டுதோறும் விதையாகக் காப்பாற்றி வைத்தவள் யார்? மாணவிகள் சிரிப்பார்கள். பிறகு யாராவது ஒருத்தி, “எங்க அம்மாயிதான் மேடம்” என்பாள்.

மரவள்ளியும் பருத்தியும் பரவியபோது கொல்லையின் கலப்பு குறைந்தது. ரேஷன் அரிசி வந்தது. அது பட்டினியைத் தடுத்தது என்பதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் ராகிக் களி ஏழைச் சோறு என்று ஆனதும் அதோடு விதைப்பானையும் போனது. 100 கிராம் ராகியில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது, அரிசியில் பத்தைத் தாண்டாது என்று இப்போது சுவரொட்டி ஒட்டுகிறோம்.

1989 எங்கள் மாவட்டத்துப் பெண்களுக்கு முக்கியமான ஆண்டு. தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழு என்று இன்று எல்லா ஊரிலும் இருப்பது, அந்த ஆண்டு செப்டம்பரில் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு பிரிக்கப்படாத தருமபுரி மாவட்டத்தில்தான் தொடங்கியது. பிறகுதான் மற்ற மாவட்டங்களுக்குப் போனது. பெண்கள் கையெழுத்துப் போட்டார்கள், வங்கிக்குள் நுழைந்தார்கள். அதே 1989இல்தான் தமிழ்நாடு இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்தி மகளுக்கும் பூர்வீகச் சொத்தில் சம பங்கு தந்தது. ஆனால் 1989 மார்ச் 25க்கு முன்பே திருமணமான மகளுக்கு அது கிடையாது. குழுவில் சேர ஊர் ஊராகக் கூப்பிட்டதோ கல்யாணமான பெண்களைத்தான். ஒரே ஆண்டில் அவர்களுக்குக் கடன் வந்தது, நிலம் வரவில்லை. 2005இல் மத்தியச் சட்டம் அந்த விலக்கை எடுத்தபோது, பல வீடுகளில் பாகம் பிரித்து முடித்திருந்தார்கள். பங்கு போட நிலமே இல்லாத தலித் குடும்பங்களின் பெண்களுக்கு இந்த இரண்டு சட்டங்களாலும் ஒரு சென்ட் கூடக் கூடவில்லை. புழக்கடை வைக்கவும் வீட்டுக்குப் பின்னால் இடம் வேண்டுமே.

இங்கேதான் தெலங்கானாவின் ஜாகிராபாத் பக்கத்துப் பெண்களைச் சொல்லத் தோன்றுகிறது. தக்காணப் பீடபூமியின் அதே வறட்சி அங்கும் உண்டு. 1980களில் தக்காண வளர்ச்சிக் கழகம் என்ற அமைப்போடு சேர்ந்து, பெரும்பாலும் தலித் பெண்களாக இருந்தவர்கள் ஊர்தோறும் சங்கம் வைத்தார்கள். சீட்டுச் சேமிப்போடு நிற்கவில்லை. தரிசு நிலத்தைக் கூட்டாகக் குத்தகைக்கு எடுத்தார்கள், அரசின் திட்டங்கள் வழியாக நிலம் வாங்கினார்கள். 1990களின் நடுவில் தங்களுக்கென்று ஒரு பொது விநியோகத்தையே அமைத்துக்கொண்டார்கள். தரிசைத் திருத்த உழவருக்கு முன்பணம் கொடுப்பது, அதைத் தானியமாகத் திரும்ப வாங்கி ஊரிலேயே சேமிப்பது, வேலையில்லாத மாதங்களில் குறைந்த விலைக்குக் கொடுப்பது. யாருக்கு எவ்வளவு என்பதை அதிகாரி முடிவு செய்யவில்லை. எந்த வீடு எவ்வளவு ஏழை என்று ஊர்க்காரர்களே உட்கார்ந்து வரிசைப்படுத்தினார்கள். அரிசி அல்ல, அவர்கள் ஊர்ச் சோளம். 2008இல் சொந்தமாகச் சமுதாய வானொலியும் தொடங்கினார்கள். 2019இல் அவர்களுக்கு ஐ.நா.வின் ஈக்வேட்டர் விருது கிடைத்தது. விருதைவிட அந்தத் தானியக் குதிரின் சாவி அவர்களிடம் இருந்ததுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

இப்போது எல்லாக் கல்லூரியிலும் தன்னார்வத் தோட்டம் ஒரு பழக்கமாகிவிட்டது. எங்கள் நாட்டு நலப்பணித் திட்ட மாணவிகளும் ஓர் அங்கன்வாடியில் போட்டார்கள். வெண்டை, கத்தரி, தண்டுக்கீரை, வேலியோரம் முருங்கை. நன்றாகவே வந்தது; குழந்தைகளின் சாம்பாரில் அந்த வெண்டைக்காய் விழுந்தது. மாணவிகளுக்குச் சான்றிதழ் கிடைத்தது. ஆனால் மே மாத விடுமுறையில் செடி காயாமல் இருந்ததற்குக் காரணம் அந்த மையத்தின் உதவியாளர். “செடிக்கு ஏது மேடம் லீவு? தெருக்கொழாயில புடிச்சு கொடத்துல தூக்கியாந்து ஊத்தினேன்” என்றார். அவர் பெயர் எந்தச் சான்றிதழிலும் இல்லை. 1975இல் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் தொடங்கியபோதே அங்கன்வாடிப் பெண்களைக் கௌரவப் பணியாளர் என்றுதான் வகுத்தார்கள்; அவர்களுக்குத் தந்தது சம்பளம் அல்ல, மதிப்பூதியம். பிறகு 1982இல் சத்துணவு, 2022இல் காலை உணவு. 2023 ஆகஸ்ட் 25இல் காலை உணவு 31,008 பள்ளிகளுக்கு விரிந்தபோது அடுப்படியில் நின்றவர்கள் சுய உதவிக் குழுப் பெண்கள். 1989இல் எங்கள் மாவட்டத்தில் தொடங்கிய அதே குழு. இந்தத் திட்டங்களில் என் மாணவிகள் பலரும் சாப்பிட்டு வளர்ந்தவர்கள், நான் இவற்றின் பக்கம்தான். ஆனால் சேவை, கௌரவம், தன்னார்வம் என்ற சொற்கள் எப்போதும் சோறு போடும் வேலைக்கே வந்து ஒட்டிக்கொள்வதைத் தமிழ் படித்தவளாக என்னால் கவனிக்காமல் இருக்க முடியவில்லை. ரயில் போட்ட பொறியாளரை யாரும் தன்னார்வலர் என்று அழைத்ததில்லை.

2023இல் நீலகிரியோடு தருமபுரி மாவட்டத்தையும் எடுத்துக்கொண்டு, ரேஷனில் இரண்டு கிலோ அரிசிக்குப் பதில் இரண்டு கிலோ ராகி தர அரசு முன்வந்தது. அரசே உழவரிடம் ராகி கொள்முதல் செய்கிறது. 2022-23க்குக் குவிண்டாலுக்கு 3,578 ரூபாய், 2024-25க்கு 4,290 ரூபாய் என்று ஆதரவு விலை ஏறியிருக்கிறது. நல்ல செய்தி. ஆனால் கொள்முதல் நிலையத்தில் மூட்டையை இறக்க சிட்டா, அடங்கல், வங்கிப் புத்தகம் கேட்பார்கள். விதைத்து, களையெடுத்து, கதிரறுத்து, தூற்றி மூட்டை கட்டியவளின் பெயர் சிட்டாவில் இல்லையென்றால் பணம் அவள் கணக்குக்கு வராது. குத்தகைக்குப் பயிர் வைத்தவளின் பாடு இன்னும் மோசம்.

இந்த ஆண்டு மாணவிகளுக்கு ஒரு வேலை கொடுத்திருக்கிறேன். அவரவர் வீட்டில் கடைசியாக விதை எடுத்துவைத்த பெண்ணின் பெயர், என்னென்ன விதை, எதில் வைத்திருந்தார், அந்தக் கொல்லை யார் பெயரில் இருக்கிறது. நோட்டின் முதல் மூன்று பத்திகள் வேகமாக நிறைகின்றன. நான்காவதற்குத்தான் வீட்டுக்குப் போன் போட்டுக் கேட்கிறார்கள்.